ரோஸ் கொடுத்த மாத்திரை

எங்கள் தெருவில் இன்றைக்கும் ஏசுராஜ் பேச்சு வந்தால் முனியம்மா ஒன்றைத்தான் சொல்வாள். பெண்டாட்டி செத்த அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் என்பாள். சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன் நான். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களைக் கண்டால் இன்னமும் கை பிரம்பைத் தேடும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், ஏசுராஜ் அப்படிக் கேட்டுக்கொண்டதுதான். அவரும் போய்விட்டார். அவர் மகள் ஃபீபி நர்ஸ் வேலைக்குக் குவைத் போய் அங்கேயே இருந்துவிட்டாள். இனி நான் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. லாபமும் இல்லை.

ஏசுராஜ் ஆம்பூரில் வாஹித் பாஷாவின் தோல் தொழிற்சாலையில் செலக்ஷன் மேஜையில் நின்றவர். பதனிட்டு வந்த தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடுகிற வேலை. அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். அவர் வீட்டுச் சிரிப்பு என் வீட்டில் கேட்கும். அப்படி ஒரு வாய். தோல் வாங்க வந்த ஏஜெண்டு ஒருவன், இதில் கீறல் இருக்கிறது, இதை எப்படி முதல் தரத்தில் போட்டீர்கள் என்று குதித்தானாம். இவர் அசரவே இல்லையாம். "மாடு உயிரோட இருந்தப்ப முள்வேலி தாண்டியிருக்கு சார். பின்னாடி நீங்க ஷூ தைக்க வருவீங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்?" என்றாராம். வாஹித் பாஷாவே தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாகச் சொல்வார்கள். சிரிக்க வைத்துவிட்டு, தரத்தில் மட்டும் இம்மியும் இறங்கமாட்டார். சண்டைக்கு நிற்பார்.

மனைவி ரோஸ் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். கடிகாரத்தையே அவளைப் பார்த்துத்தான் திருப்பி வைக்க வேண்டும், அப்படி ஓர் ஒழுங்கு. ஒரே பெண் ஃபீபி, அப்பன் பிள்ளை. சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து அப்பாவோடு கோயிலுக்குப் போகும்போது வழிநெடுக ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டே போகும். நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், சொல்வதற்கென்ன.

தொண்ணூற்று நாலில் தொழிற்சாலையில் மருத்துவ முகாம் போட்டார்கள். ஏசுராஜுக்கு பிபி ஜாஸ்தி என்றார்கள். டவுனில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கிற ரிசர்பின் என்கிற மருந்து கலந்த மாத்திரை. அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த சாதாரண மாத்திரைதான். ரோஸ் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மாத்திரைகளைப் பிரித்து, பெயருள்ள அட்டைத் துண்டோடு ஒரு சின்ன ஸ்டீல் டப்பாவில் போட்டு, பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் குடும்ப ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும், கண்ணைத் திறக்கிற ஏசுராஜின் உள்ளங்கையில் மாத்திரை இருக்கும். திருவிருந்தில் அப்பம் வாங்குகிற மாதிரி இரண்டு கையும் ஏந்தி வாங்கி, "ஆயரம்மா குடுத்தா மறுக்க முடியுமா" என்று சொல்லி விழுங்குவார். ஒரு நாள் தவறியதில்லை. ஊருக்குப் போனாலும் டப்பா கூடப் போகும்.

அந்த மாத்திரை என்ன செய்தது என்பதைப் பின்னால் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புத்தகம் தேடியும் படித்தேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் முனியம்மா மாதிரி பேசுவீர்கள்.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்பைத் தொட்டுப் பேசுவதில்லை. நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு. பேசுகிற நரம்பின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகள் இருக்கின்றன. டோபமின், சிரோட்டோனின், நார்அட்ரினலின் என்று பெயர் கொண்ட ரசாயனங்கள் அவற்றுள் அடைபட்டிருக்கும். சேதி வந்ததும் பை வாயைத் திறந்து சரக்கை இடைவெளியில் கொட்டும், அடுத்த நரம்பு வாங்கிக்கொள்ளும். நமக்கு ஒன்று இனிப்பதும் வலிப்பதும் பெரும்பாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது. ஆனால் பை தானாக நிறைவதில்லை. பையின் சுவரில் ஒரு புரதம் சுமையேற்றுகிற ஆள் மாதிரி நிற்கிறது. பைக்குள் அமிலம் கட்டி நிறுத்தப்பட்டிருக்கும். அந்த அமிலத்தின் புரோட்டான்கள் வெளியே வர முட்டிக்கொண்டிருக்கும். இரண்டு புரோட்டானை வெளியே விட்டு, அந்த விசையிலேயே ஒரு டோபமினையோ சிரோட்டோனினையோ அந்தப் புரதம் உள்ளே இழுத்துப் போடும். ஆம்பூர்க்காரர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. அமிலத்தில் ஊறாத தோலில், பதனிடப் போடுகிற குரோம் உப்பு மேலோடு நின்றுவிடும், உள்ளே ஏறாது.

ரிசர்பின் என்ன செய்கிறதென்றால், அந்தப் புரதத்தின் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. லேசில் எழுந்திருக்காது. ஏற்ற வேண்டிய சரக்கு வெளியிலேயே நிற்கும், நிற்கிற சரக்கை வேறொரு நொதி சிதைத்துவிடும். பை இருக்கும், சேதியும் வரும், பை வாயையும் திறக்கும். கொட்ட உள்ளே ஒன்றும் இருக்காது. இரத்தக் குழாயை இறுக்குகிற நரம்பிலும் இதே கதைதான், அதனால்தான் பிபி இறங்குகிறது. அந்த வகையில் மருந்து சொன்ன வேலையைச் செய்தது. எல்லாருக்கும் இது மனசு வரைக்கும் போவதில்லை. கம்மியான அளவில் சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களும் உண்டு. ஏசுராஜுக்குப் போனது.

முதலில் மூக்கு அடைத்தது. எந்நேரமும் சளி பிடித்தவர் மாதிரி பேசினார். பிறகு பேச்சே குறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் நின்றுபோனதை நான் கவனித்தேன். ஆனால் அது தோல் தொழிற்சாலைகளை மூடச்சொல்லி கோர்ட்டு, கேஸ் என்று நடந்த சமயம். ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தது, அதில் ஒரு முகம் தனியாகத் தெரியவில்லை. தொழிற்சாலைகள் மறுபடி ஓடின. இவர் முகம் அப்படியேதான் இருந்தது.

மேஜையில் அவர் கை பிசகவில்லை. தரத்தைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் ஏஜெண்டு மறுத்துப் பேசினால், சரி, நீங்கள் சொல்வதே இருக்கட்டும் என்று தோலைத் தள்ளிவிட்டுவிடுவார். வாஹித் பாஷா ஒருநாள் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார். "சார், அவரு மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல. முன்னாடி என்கிட்டயே சண்ட போடுவாரு. இப்ப எதுக்கும் தலையாட்டறாரு. இன்னாதான் ஆச்சு அவருக்கு?" எனக்கு என்ன தெரியும். வயசாகிறது என்று ஏதோ சொல்லிவைத்தேன். கொஞ்ச நாளில் அவரை மேஜையிலிருந்து எடுத்து, உப்புப் போட்ட பச்சைத் தோல் வந்து இறங்குகிற கொட்டகையில் போட்டார்கள். அதற்கும் ஏசுராஜ் ஒன்றும் சொல்லவில்லை.

ரோஸ்தான் துடித்தாள். சபையில், ஆவிக்குரிய வாழ்வில் சோர்வு வந்துவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். எல்லாரும் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவர் எழுந்து வந்து செருப்பை மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். நானும் என் பங்குக்குக் காலையில் நடக்கச் சொன்னேன், முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன். ஒருவரும் அந்த டப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதிக்கொடுத்த டாக்டர் ஒரு தடவை எழுதியதோடு சரி. அந்தச் சீட்டு கிழிந்து மக்கிப்போன பிறகும் மருந்துக்கடைக்காரர் கேள்வியே கேட்காமல் அட்டை அட்டையாகக் கொடுத்தார்.

இதில் ரோஸ் ஒரு காரியம் செய்தாள். மனசு இப்படிக் கெடுவது பிபி ஏறுவதால்தான் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். கோபம் வந்தாலும் பிபி, அழுகை வந்தாலும் பிபி. அதை நம்பி மருந்துக்கடையில் கேட்டிருக்கிறாள், ராத்திரிக்கும் ஒன்று கொடுக்கலாமா என்று. கொடுங்களேன் டீச்சர் என்றிருக்கிறார் கடைக்காரர். அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்துக்குப் பிறகும் உள்ளங்கையில் ஒரு மாத்திரை விழுந்தது. அவரை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்றுதான் கொடுத்தாள்.

தொண்ணூற்று ஒன்பதில் ரோஸுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றிப்போயிருந்தது. ஃபீபி அப்போது வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். ஏசுராஜ் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சொன்னால் தண்ணீர் எடுத்து வருவார், சொல்லாவிட்டால் இல்லை. கடைசி நாளில் ரோஸ் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"நான் இல்லன்னு மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க," என்றாள். "எனக்காக."

அவர் தலையாட்டினார்.

சவப்பெட்டியை மூடுகிறபோது தெருவே அழுதது. நான் அழுதேன். ஏசுராஜ் அழவில்லை. பந்தலில் உட்கார்ந்தபடி, தண்ணீர் கேன் இறக்குகிற பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறையில் மண்ணள்ளிப் போடச் சொன்னார்கள், போட்டார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து மாத்திரையை விழுங்கினார். பிறகு யாரோ நீட்டிய இட்லியைச் சாப்பிட்டார். முனியம்மா வகையறாவுக்கு அது போதாதா. வேறொருத்தி இருக்கிறாள் என்று பேசினார்கள், காப்பீட்டுப் பணத்துக்காகக் காத்திருந்தார் என்று பேசினார்கள்.

ஃபீபி அதையெல்லாம் நம்புகிற பெண் இல்லை. ஆனால் அவளுக்கும் கண் இருந்ததே. மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அம்மாவுக்காக ஒரு தடவ அழுதிருக்கலாம்ப்பா. பொய்யாவாச்சும்," என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை. படிப்பு முடித்தாள், வேலைக்குப் போனாள், வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு தோழிகளோடு வீடு எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அட்டை வரும், அடுத்த வீட்டுக்கு வராது.

அவர் தன் பாட்டுக்கு இருந்தார். வேலைக்குப் போவார், வருவார், காலையும் மாலையும் மாத்திரை. ஜெபம் நின்றுபோயிருந்தது, மாத்திரை நிற்கவில்லை. மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஆள் என்று பார்த்தால் இந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். அந்த வாக்குத்தான் அவரை அழவிடாமல் வைத்திருந்தது என்பது அப்போது யாருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றில் கொட்டகையில் கால் இழுத்து விழுந்தார். நடை மெதுவாகி, கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நான்தான் வேலூருக்குக் கூட்டிப் போனேன். ஓர் இளம் டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். டப்பாவை நீட்டினார் ஏசுராஜ். உள்ளே கிடந்த அட்டைத் துண்டைத் திருப்பிப் படித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. எத்தனை வருஷமாக என்றார். நான் சொன்னேன். அவர் அட்டைத் துண்டை மேஜைமேல் வைத்தார். பிறகு இதை நிறுத்த வேண்டும், பிபிக்கு வேறு தருகிறேன் என்றார்.

"அது முடியாதுங்க. ரோஸ் குடுத்தது," என்றார் ஏசுராஜ். பல வருஷத்தில் அவர் ஒன்றை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான்.

டாக்டரம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். இவர் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து நான் கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ் உங்களைச் சாகச் சொன்னாளா, பிபி ஏறாமல் இருக்கத்தானே சொன்னாள், இந்தப் புது மாத்திரையும் அதற்குத்தானே, டப்பா அதேதானே என்று கேட்டேன். யோசித்தார். "டப்பா அதேதான்," என்று மெல்லச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தேன்.

வாயில் உட்கார்ந்த மருந்து உடனே எழுந்து போவதில்லை. நரம்பு புதுப் புரதம் செய்து, புதுப் பைகளைக் கட்டி அனுப்ப வேண்டும். அதற்கு நாளாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதலில் மூக்கு திறந்தது. ஒருநாள் காலை வாசலில் நின்றுகொண்டு, "சார், நம்ம ஊரு இவ்ளோ நாறுமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் வாயைக் கோணிச் சிரித்தார். கை நடுக்கமும் குறைந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்றைக்குத் தெருமுனைக் கடையில் பிரியாணிக்குச் சொன்னேன். எனக்கு மூளை இருந்திருந்தால் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்குள் வந்து நடுக்கூடத்தில் நின்றார். கையில் ரோஸின் ஒரு பழைய சேலை. அலமாரியில் ஏதோ தேடியபோது அகப்பட்டிருக்கிறது, மோந்து பார்த்திருக்கிறார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"சார், ரோஸ் செத்துட்டா சார்," என்றார்.

நேற்று ராத்திரி நடந்ததை இப்போது வந்து சொல்வதுபோலச் சொன்னார். நான் எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனுஷன் அன்றைக்கு அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவள் வலியில் முனகியபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேனே சார் என்பார். தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தேனே என்பார். எல்லாம் ஞாபகம் இருந்தது. நடந்தபோது உறைக்காததெல்லாம் இப்போது ஒன்றுவிடாமல் வந்து உறைத்தது. பை நிறைந்துவிட்டது என்று டாக்டரம்மாவுக்கு வேண்டுமானால் திருப்தியாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு, இதற்கு அந்தப் பாழாய்ப்போன மாத்திரையே தேவலை என்று ஒரு கணம் தோன்றியது.

தினமும் அழுதார். அழுது முடித்தால் ஒரே கேள்விதான், ஃபீபி வருவாளா என்று. அவளுக்குச் சொல்லுங்கள், அவள் நர்ஸ், அவளுக்குப் புரியும் என்பார். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. புத்தகத்தில் பக்கத்துக்கு அடையாளம் வைத்து எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறினேன்.

ஃபீபி காபி கொடுத்து உட்கார வைத்தாள். நான் பாடம் நடத்துகிற மாதிரி எல்லாம் சொன்னேன். பையைச் சொன்னேன், புரதத்தைச் சொன்னேன், ரிசர்பினைச் சொன்னேன், உன் அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். புத்தகத்தைத் திறக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"தெரியும் மாமா. ரெண்டாவது வருஷமே பாடத்துல வந்துச்சு. அம்மா டப்பாவுல இருந்த பேருதான்."

தெரிந்துமா அவரை அப்படியே விட்டாய் என்று கேட்டேன். அப்போது அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்றாள். ஊருக்கு வந்து அதைச் சொல்ல வேண்டும் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"மாத்திரைதான் காரணம்னா, குடுத்தது யாரு மாமா? ரெண்டு வேளையா ஆக்குனது யாரு? நான் இன்னா, எங்கம்மாதான் அப்பாவ இப்படிப் பண்ணாங்கன்னு நெனச்சிக்கினு வாழணுமா? அவங்க போயிட்டாங்க. திரும்பி வந்து எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லக்கூட முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா கல்லாவே இருக்கட்டும். அவர் மேல கோவப்பட எனக்குப் பழகிடுச்சு. அம்மா மேல கோவப்பட என்னால முடியாது."

அவள் செய்தது தப்பு என்று சொல்லத்தான் போனேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்தேன். காபி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஏசுராஜ் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவளைக் கையோடு அழைத்து வருவேன் என்று நினைத்திருக்கிறார். பொய் சொல்லலாமா என்று பஸ்ஸில் வரும்போதே பார்த்தேன், சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவருக்குத்தான் மாத்திரை இரண்டு வேளையான கதை அதுவரை உறைக்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரோஸ் கொடுத்தாள், வாங்கினார், அவ்வளவுதான் அவருக்கு. ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பதுபோல் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரெக்ட்டுதான் சார் அவ சொல்றது," என்றார் கடைசியில். "ரோஸு மேல பழி வரக் கூடாது. யார்கிட்டயும் மாத்திரைன்னு சொல்லாதீங்க. நான் அழாதவனாவே இருந்துட்டுப் போறேன்."

சரி என்றேன். ரோஸ் மீது பழி இல்லை என்று அவருக்குச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். நம்பிக்கையோடு கொடுத்தவள் மேல் என்ன பழி. ஒரு தடவை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காத டாக்டர் மேலும், டப்பாவைத் திறந்து பார்க்காமல் பாவம், சோர்வு, வயசு என்று ஆளுக்கொரு பெயர் வைத்த எங்கள் எல்லார் மேலும்தான் அது. ஆனால் அதனால் ஒன்றும் மாறவில்லை. ஃபீபி வரவில்லை. ஏசுராஜ் அதன்பின் நாலைந்து வருஷம் இருந்தார். வாசலில் ஆட்கள் போனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தை மரம்போல வைத்துக்கொள்வார். அப்படி அழாதவராக நடித்துக்கொண்டேதான் செத்தார்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டார்.

"அந்தப் பழைய மாத்திர இன்னும் கெடைக்குமா சார்?"

இப்போதெல்லாம் அது வருவதில்லை என்று சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். கடையில் கண்ணாடிக்குப் பின்னால், மேல் தட்டிலேயே, அது இருந்தது.